கிளவுடுக்கு மாறியதும் செஷன் ஏன் தொலைகிறது, அதை எங்கே வைக்க வேண்டும்

கேள்வி சுருக்கமாக இதுதான். ஒரே சர்வரில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த வெப் அப்ளிகேஷனை கிளவுடுக்கு மாற்றி, வரும் ரிக்வெஸ்ட்டுகளைப் பிரித்து அனுப்பும் லோட் பேலன்சருக்குப் பின்னால் இரண்டு இன்ஸ்டன்ஸ் (அப்ளிகேஷன் ஓடும் தனித்தனி மெஷின்) போட்டதும் லாகின் செய்தவர்கள் திடீர் திடீரென்று வெளியே தள்ளப்படுகிறார்கள், கார்ட்டில் போட்ட பொருள் காணாமல் போகிறது. ஒருவரை எப்போதும் ஒரே இன்ஸ்டன்ஸுக்கு அனுப்பும் ஸ்டிக்கி செஷனை ஆன் செய்ததும் பெரும்பாலும் சரியாகிவிட்டது, ஆனால் புது வெர்ஷனை ஏற்றும் ஒவ்வொரு டிப்ளாய்க்கும் எல்லோரும் லாக்அவுட் ஆகிறார்கள். டேட்டாவை மெமரியில் வைக்கும் ரெடிஸ் ஸ்டோரை வைப்பதா, டேட்டாபேஸில் போடுவதா, இல்லை விவரத்தைக் கையெழுத்திட்ட டோக்கனாக பிரவுசரிடமே கொடுக்கும் ஜேடபிள்யூடிக்கே (JWT) மாறிவிடலாமா?

இந்த மூன்றில் எது என்று முடிவு செய்வதற்கு முன்னால், உங்கள் செஷனுக்குள், அதாவது ரிக்வெஸ்ட்டுகளுக்கு இடையே ஒரு யூசரைப் பற்றி ஞாபகம் வைக்கும் டேட்டாவுக்குள், இப்போது என்னென்ன கிடக்கிறது என்று ஒரு தடவை திறந்து பாருங்கள். பாதி பிரச்சினை அங்கேதான் இருக்கிறது. அதைப் பார்க்காமல் ரெடிஸுக்குப் போனால் இதே குழப்பம் வேறு இடத்தில் தொடரும்.

முதலில் ஏன் உடைந்தது என்று பார்த்துவிடலாம். எச்டிடிபிக்கு ஞாபகசக்தி கிடையாது, ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டும் அதற்குப் புதுசு. அதனால்தான் 1994-ல் நெட்ஸ்கேப்பில் லூ மோன்டுல்லி, பிரவுசர் சேமித்து ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டோடும் திரும்ப அனுப்பும் சிறு தகவலான குக்கீயைக் கொண்டுவந்தார், கார்ட்டை ஞாபகம் வைப்பதுதான் அதன் ஆரம்பத் தேவைகளில் ஒன்று. இன்றைக்கு பெரும்பாலான ஃபிரேம்வொர்க்குகள் குக்கீயில் ஒரு ஐடியை மட்டும் அனுப்பிவிட்டு, மற்றதை சர்வரிலேயே வைத்துக்கொள்கின்றன. சர்வரில் எங்கே? பிஎச்பி என்றால் லோக்கல் டிஸ்க்கில் ஒரு ஃபைல். டாம்கேட் என்றால் அந்த ஜாவா பிராசஸின் மெமரி. பழைய ஏஎஸ்பி டாட் நெட்டின் இன்பிராக் மோடும் அப்படியே. நோட் ஜேஎஸ் ஃபிரேம்வொர்க்கான எக்ஸ்பிரஸின் செஷன் மாட்யூலும் சும்மா விட்டால் மெமரியில்தான் வைக்கும், புரொடக்‌ஷனுக்கு இதைப் பயன்படுத்தாதே என்று அதன் ஆவணமே வெளிப்படையாகச் சொல்கிறது. எல்லாமே ஒரே மெஷின்தான் இருக்கிறது, அது சாகாது என்று நம்பி எழுதப்பட்டவை. கிளவுடில் அந்த இரண்டு நம்பிக்கையும் பொய்.

அறிகுறியை வைத்தே உள்ளே என்ன நடக்கிறது என்று ஓரளவு கண்டுபிடிக்கலாம். லாகின் ஒன்றாம் இன்ஸ்டன்ஸில் நடந்தது, அடுத்த ரிக்வெஸ்ட் இரண்டாவதற்குப் போனது என்று வையுங்கள். டாம்கேட் மாதிரி சர்வராக இருந்தால், தெரியாத ஐடி வந்ததும் புது செஷன் தேவைப்படும் இடத்தில் புது ஐடி உண்டாக்கி பிரவுசருக்கு அனுப்பிவிடும், பழைய குக்கீ அழிந்துவிடும். அப்புறம் அதே ஆள் ஒன்றாம் இன்ஸ்டன்ஸுக்கே திரும்பிப் போனாலும் கையில் பழைய ஐடி இல்லை, கார்ட் போனது போனதுதான். பிஎச்பியில் ஸ்ட்ரிக்ட் மோட் போடாமல் விட்டிருந்தால் கதை வேறு: தெரியாத ஐடியையும் அது அப்படியே ஏற்றுக்கொண்டு காலியான செஷனைத் திறக்கும், ஐடி மாறாது. அதனால் ரிஃப்ரெஷ் செய்யச் செய்ய ஒரு தடவை லாகின், ஒரு தடவை லாக்அவுட் என்று மாறி மாறி வரும். இந்த மாறி மாறி வருவதைப் பார்த்தால் வேறெங்கும் தேட வேண்டாம், செஷன் இன்ஸ்டன்ஸுக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

ஸ்டிக்கி செஷன் என்பது லோட் பேலன்சர் தானாக ஒரு குக்கீ போட்டு, இந்த ஆள் இந்த இன்ஸ்டன்ஸுக்குத்தான் என்று ஒட்டவைப்பது. அமேசானின் அப்ளிகேஷன் லோட் பேலன்சரிலும், அஷூர் ஆப் சர்வீஸிலும் ஒரு செட்டிங்கில் ஆன் ஆகிவிடும். ஆனால் இன்ஸ்டன்ஸ் போனால் அதில் ஒட்டியிருந்தவர்கள் எல்லோருடைய செஷனும் சேர்ந்தே போகும். கிளவுடில் இன்ஸ்டன்ஸ் போவது விபத்து இல்லை, அன்றாட வேலை. டிப்ளாய்க்குப் போகும், இரவில் டிராஃபிக் குறைந்ததும் ஆட்டோ ஸ்கேலிங் எடுத்துவிடும், ஹெரோகுவில் நீங்கள் ஒன்றும் செய்யாவிட்டாலும் டைனோ (அங்கே இன்ஸ்டன்ஸுக்குப் பெயர்) தினமும் ஒரு முறையாவது ரீஸ்டார்ட் ஆகும். அமேசானில் டீரெஜிஸ்ட்ரேஷன் டிலே என்று 300 விநாடி டீஃபால்ட்டாக உண்டு, ஆனால் அது ஓடிக்கொண்டிருக்கும் ரிக்வெஸ்ட் முடிவதற்கான அவகாசம், செஷனைக் காப்பாற்றுவதற்கானது அல்ல. இன்னொன்று, கூட்டம் வந்து புது இன்ஸ்டன்ஸ் ஏறினாலும் பழைய ஆட்கள் பழையதிலேயே ஒட்டிக்கொண்டிருப்பார்கள், புதியது சும்மா நிற்கும். ஸ்டிக்கிக்கு நியாயமான இடங்களும் உண்டு, உதாரணமாக உடனடித் தகவல் பரிமாற்ற லைப்ரரியான சாக்கெட் ஐஓ, ஒரே இணைப்பைப் பல எச்டிடிபி ரிக்வெஸ்ட்டாக ஓட்டும் லாங் போலிங்கில் ஓடும்போது அது இல்லாமல் முடியாது. செஷனைக் காப்பாற்றும் வழியாக மட்டும் அதை நம்பாதீர்கள்.

சரி, இப்போது செஷனைத் திறந்து கொட்டிப் பாருங்கள். பல வருடம் ஓடிய அப்ளிகேஷன் என்றால் உள்ளே பல வகையான சாமான் இருக்கும், ஒவ்வொன்றிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: இது இந்த நிமிடம் தொலைந்தால் என்ன நஷ்டம்? யூசர் ஐடி, லாகின் செய்த நேரம், சிஎஸ்ஆர்எஃப் டோக்கன் (வேறு தளம் யூசர் பெயரில் போலி ரிக்வெஸ்ட் அனுப்புவதைத் தடுப்பது) இதெல்லாம் தொலைந்தால் திரும்ப லாகின் செய்ய வேண்டும், எரிச்சல்தான், ஆனால் நஷ்டம் இல்லை. இதுதான் உண்மையான செஷன். கார்ட், பாதி நிரப்பிய விண்ணப்பம், ஐந்து பக்கப் படிவத்தின் மூன்றாம் பக்கம் வரை கொடுத்த விவரம், இதெல்லாம் தொலைந்தால் ஒருவரின் உழைப்பு தொலைகிறது. இது செஷனே கிடையாது, பிசினஸ் டேட்டா. டேட்டாபேஸில் தனி டேபிள், தனி ஐடி, முடியாத நிலையில் இருக்கிறது என்று ஒரு ஸ்டேட்டஸ் நெடுவரிசை (column), அவ்வளவுதான். செஷனில் அந்த ஐடி மட்டும் இருந்தால் போதும். லாகின் செய்யாத விருந்தினர் கார்ட்டுக்குக்கூட ரேண்டமான ஒரு கார்ட் ஐடியைத் தனி குக்கீயில் வைக்கலாம், லாகின் ஆனதும் யூசரோடு இணைத்துக்கொள்ளலாம். இப்படி மாற்றினால் ஒருவர் போனில் போட்ட பொருள் லேப்டாப்பிலும் தெரியும், அது கூடுதல் லாபம்.

மூன்றாவது வகை, டேட்டாபேஸுக்கு மறுபடி போக வேண்டாமே என்று செஷனில் திணித்தவை: முழு யூசர் ஆப்ஜெக்ட், அனுமதிப் பட்டியல், கடைசியாகத் தேடிய ரிசல்ட். இது கேஷ் (cache, வேகத்துக்காக வைக்கும் பிரதி), செஷனில் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. அனுமதிப் பட்டியலை அங்கே வைப்பது ஆபத்தும்கூட. ஒருவரின் அட்மின் உரிமையை டேட்டாபேஸில் நீக்கிவிட்டீர்கள், ஆனால் அவருடைய செஷனில் பழைய பட்டியல் உட்கார்ந்திருக்கிறது, அவர் லாக்அவுட் செய்யும்வரை அட்மினாகவே உலவுவார்.

இந்தப் பிரிப்பு முடிந்தால் செஷன் சில நூறு பைட்டுக்குச் சுருங்கிவிடும், எங்கே வைப்பது என்ற கேள்வியும் பாதி எளிதாகிவிடும்.

ரெடிஸ் பெரும்பாலானவர்களுக்கு சரியான இடம்தான். ஒரே நெட்வொர்க்குக்குள் இருந்தால் வேகத்தைப் பற்றிக் கவலை வேண்டாம், காலாவதி நேரத்தை கீயோடு சேர்த்தே வைக்கலாம், தானாக அழியும். ஆனால் இரண்டு இடத்தில் அடி வாங்குவார்கள். ஒன்று, கேஷுக்கு வைத்த அதே ரெடிஸில் செஷனையும் போடுவது. கேஷுக்காக ஆல்கீஸ் எல்ஆர்யூ என்று எவிக்‌ஷன் பாலிசி (இடம் நிரம்பினால் எதை நீக்குவது என்ற விதி) வைத்திருப்பீர்கள், மெமரி நிரம்பியதும் அது கேஷ் எது, செஷன் எது என்று பார்க்காமல், கொஞ்ச நேரம் தொடப்படாததைத் தூக்கி எறியும். கூட்டம் அதிகமாக இருக்கும் நேரத்தில் மட்டும் சிலர் லாக்அவுட் ஆகிறார்கள் என்றால் இதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். மாறாக டீஃபால்ட் பாலிசியான நோ எவிக்‌ஷனோடு விட்டால், மெமரி நிரம்பியதும் எழுதவே விடாது, புது லாகின் எல்லாம் எரர் ஆகும். எனவே செஷனுக்குத் தனி ரெடிஸ் வையுங்கள், மெமரி எவ்வளவு நிரம்புகிறது என்று அலர்ட் வையுங்கள். இரண்டு, ரெப்ளிகேஷன். ரெடிஸில் எழுதும் சர்வரான பிரைமரியிலிருந்து அதன் பிரதியான ரெப்ளிகாவுக்குப் போவது அசிங்க்ரனஸ், அதாவது சற்றுப் பிந்தித்தான் போகும், பிரைமரி விழுந்து ரெப்ளிகா ஏறும்போது கடைசியாக எழுதிய சில பதிவுகள் தொலையலாம். செஷனில் லாகின் விவரம் மட்டும் இருந்தால் ஓரிருவர் திரும்ப லாகின் செய்வார்கள், அவ்வளவோடு போகும். கார்ட்டும் அதில் இருந்தால் அப்படிச் சொல்ல முடியாது. மேலே பிரிக்கச் சொன்னது இதற்காகவும்தான். வாசிப்பை ரெப்ளிகாவுக்குத் திருப்பிவிடும் ஆசையும் வேண்டாம், லாகின் ஆனவுடன் ரீடைரக்ட் ஆகும் பக்கம் ரெப்ளிகாவில் தேடி, இன்னும் வந்து சேராத செஷனைக் காணோம் என்று லாகின் பக்கத்துக்கே திருப்பி அனுப்பும்.

ரெடிஸ் போலவே மெமரியில் வைக்கும் மெம்கேஷ்டு இருந்தால் அதுவும் ஓடும், ரீஸ்டார்ட் ஆனால் எல்லாம் போய்விடும் என்பதை ஏற்றுக்கொண்டால் போதும்.

டேட்டாபேஸை நிறைய பேர் தேவையில்லாமல் ஒதுக்குகிறார்கள். நடுத்தர அளவு அப்ளிகேஷனுக்கு பிரைமரி கீ வைத்து ஒரு ரோ வாசிப்பது ஒரு சுமையே இல்லை, பராமரிக்க வேண்டிய சாமான் ஒன்று குறைகிறது என்பது பெரிய நிம்மதி. சுமை வாசிப்பதில் இல்லை, எழுதுவதில் இருக்கிறது: கடைசியாக வந்த நேரத்தை ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டுக்கும் அப்டேட் செய்வது. மாறாத செஷனை எழுதாதீர்கள், கடைசி நேரத்தை ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை அப்டேட் செய்தால் தாராளமாகப் போதும். காலாவதியானதைத் துடைக்கும் வேலையும் உங்களுடையது. பைத்தான் ஃபிரேம்வொர்க்கான ஜாங்கோவில் கிளியர்செஷன்ஸ் என்று கமாண்டே இருக்கிறது, தானாக ஓடாது, குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் கிரானில் போட வேண்டும். போடாமல் விட்ட டேபிள் கோடிக்கணக்கான ரோவோடு நிற்பது சாதாரணக் காட்சி. அமேசானின் டைனமோடிபி டேட்டாபேஸ் என்றால் இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். அதன் டிடிஎல் (தானாக அழிக்கும் வசதி) காலாவதி ஆன நொடியில் அழிப்பதில்லை, அழிய சில நாள்கூட ஆகலாம், எனவே வாசிக்கும்போது காலாவதி நேரத்தை உங்கள் புரோகிராம் கோடும் (code) சரிபார்த்தாக வேண்டும், இல்லாவிட்டால் முடிந்த செஷன் உயிரோடு இருக்கும். அப்புறம் அதன் டீஃபால்ட் வாசிப்பு ஈவென்சுவலி கன்சிஸ்டென்ட், அதாவது இப்போதுதான் எழுதியது உடனே தெரியாமல் போகலாம், லாகின் ஆனவுடன் காணோம் என்ற அதே கதை இங்கேயும் வரும். செஷனுக்கு ஸ்ட்ராங்லி கன்சிஸ்டென்ட் வாசிப்பைக் கேளுங்கள்.

சர்வரில் ஒன்றுமே வைக்காமல் எல்லாவற்றையும் கையெழுத்திட்ட குக்கீயிலேயே அனுப்பும் வழியும் உண்டு, ரூபி ஃபிரேம்வொர்க்கான ரெயில்ஸின் டீஃபால்ட் அதுதான். சிறிய செஷனுக்கு நன்றாகவே வேலை செய்யும். சுமார் 4 கேபிதான் எல்லை, எல்லா ரிக்வெஸ்ட்டோடும் அது போய்வரும், கையெழுத்து மட்டும் போட்டு என்கிரிப்ட் செய்யாவிட்டால் உள்ளே இருப்பதை யூசர் படிக்கலாம், பழைய குக்கீயை எடுத்து வைத்துக்கொண்டு பிறகு திரும்ப அனுப்பவும் செய்யலாம். இத்தனை தடவைதான் முயலலாம் என்ற எண்ணிக்கையை அதில் வைத்தால், பழைய குக்கீயைப் போட்டு எண்ணிக்கையைப் பின்னுக்குத் தள்ளிவிடுவார்கள்.

ஜேடபிள்யூடி பற்றி என் கருத்து உறுதியானது: பிரவுசரில் ஓடும், உங்கள் சொந்த பேக்எண்ட் மட்டுமே உள்ள அப்ளிகேஷனுக்கு செஷனுக்குப் பதிலாக அது வேண்டாம். 2015-ல் இணையத் தர ஆவணமான ஆர்எஃப்சி 7519-ஆக வந்த அந்த வடிவம் நல்ல வடிவம், ஒரு சர்வீஸ் இன்னொரு சர்வீஸிடம் இவர் யார் என்று சொல்வதற்குப் பிரமாதமாகப் பயன்படும். செஷன் வேலைக்கு அதில் இல்லாதது ஒன்றே ஒன்று, ஆனால் அதுதான் முக்கியமானது: திரும்பப் பெற முடியாது. பாஸ்வேர்ட் மாற்றினார், போன் தொலைந்தது, கணக்கை முடக்கினீர்கள், எது நடந்தாலும் வெளியே போன டோக்கன் காலாவதி ஆகும்வரை செல்லும். அதற்காகக் காலாவதியைப் பத்து நிமிடமாகக் குறைப்பீர்கள், உடனே ரெஃப்ரெஷ் டோக்கன் தேவைப்படும், அதை ரத்து செய்ய சர்வரில் ஒரு பட்டியல் வைக்க வேண்டும். சுற்றி வளைத்து செஷன் ஸ்டோருக்கே வந்து சேர்ந்தாயிற்று. இதற்கு நடுவில் டோக்கனை லோக்கல் ஸ்டோரேஜில் வைத்திருந்தால், பக்கத்தில் நுழைந்த எந்த ஸ்கிரிப்ட்டும் அதைப் படித்து எடுத்துப்போகலாம். எச்டிடிபி ஒன்லி குக்கீயில் இருக்கும் ஐடியை ஸ்கிரிப்ட் படிக்க முடியாது.

ஸ்டோரை மாற்றும்போது யாரும் எதிர்பார்க்காத ஒரு வலி இருக்கிறது, அது லாக் (lock, பூட்டு). பிஎச்பி ஃபைல் செஷன், திறந்ததிலிருந்து மூடும்வரை அந்த ஃபைலை லாக் செய்து வைத்திருக்கும், ஒரே யூசரின் இரண்டு ரிக்வெஸ்ட் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் ஓடும். பிஎச்பி ரெடிஸ் எக்ஸ்டென்ஷனுக்கு மாறியதும் அந்த லாக் டீஃபால்ட்டாக இல்லை. இப்போது ஒரு பக்கத்தில் பின்னணியில் போகும் இரண்டு அஜாக்ஸ் ரிக்வெஸ்ட் ஒன்றாகக் கிளம்புகிறது என்று பாருங்கள். முதலாவது செஷனை வாசிக்கிறது, இரண்டாவதும் வாசிக்கிறது, இருவர் கையிலும் ஒரே பிரதி. முதலாவது கார்ட்டில் ஒரு பொருளைச் சேர்த்து முழு செஷனையும் எழுதுகிறது. இரண்டாவது மொழியைத் தமிழ் என்று மாற்றி, தன் கையிலிருந்த பழைய பிரதியோடு சேர்த்து முழு செஷனையும் எழுதுகிறது. பொருள் போச்சு, எந்த லாக் ஃபைலிலும் (log) எரர் இல்லை, உங்கள் மெஷினில் சோதித்தால் நூற்றில் ஒரு தடவைகூட வராது. லாக்கைத் திரும்ப ஆன் செய்யலாம், ஆனால் அப்போது ஒரு மெதுவான ரிக்வெஸ்ட் அதே யூசரின் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவைக்கும். பழைய ஏஎஸ்பி டாட் நெட்டில் பக்கம் காரணமில்லாமல் மெதுவாக இருப்பதன் பின்னால் பல நேரம் இந்த செஷன் லாக்தான் இருக்கும், வாசிக்க மட்டும் தேவைப்படும் பக்கத்துக்கு ரீட் ஒன்லி என்று சொல்லிவிடலாம். இதற்கெல்லாம் சிறந்த மருந்து, அடிக்கடி மாறும் எதையும் செஷனில் வைக்காமல் இருப்பதுதான்.

டிப்ளாய் நேரத்தில் பழைய கோடும் புதுக் கோடும் ஒரே ஸ்டோரை ஒரே சமயத்தில் வாசிக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். செஷனில் முழு ஆப்ஜெக்ட்டை சீரியலைஸ் செய்து (பைட்டுகளாக மாற்றி) வைத்திருந்தால், கிளாஸில் ஒரு ஃபீல்டு மாறினாலே ஒரு பக்கம் எரர் அடிக்கும். எளிய ஜேசனாக வையுங்கள், கூடவே ஒரு வெர்ஷன் எண். ஜாங்கோ 2013-ல் 1.6 வெளியீட்டில் செஷனுக்கு பைத்தானின் பிக்கிள் வடிவத்தை விட்டு ஜேசனை டீஃபால்ட் ஆக்கியதன் காரணம் பாதுகாப்பு: யாராவது செஷன் டேட்டாவைத் தங்கள் விருப்பப்படி எழுத முடிந்தால், பிக்கிள் அதைப் பிரிக்கும்போது அவர்கள் எழுதிய புரோகிராமையே ஓட்டிவிடும்.

எல்லாவற்றையும் ரெடிஸுக்கு மாற்றியும் லாக்அவுட் தொடர்கிறது என்றால் ஸ்டோரை விட்டுவிட்டு சாவியைப் பாருங்கள். குக்கீயைக் கையெழுத்திடும் சீக்ரெட் கீ எல்லா இன்ஸ்டன்ஸிலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஸ்டார்ட் ஆகும்போது ரேண்டமாக கீ உண்டாக்கும் கோடு ஒரே சர்வரில் இருந்தவரை யாருக்கும் தெரியாது, இரண்டு ஆனதும் ஒன்று போட்ட குக்கீயை மற்றது ஏற்காது. ஏஎஸ்பி டாட் நெட் கோரில் டேட்டா புரொடெக்‌ஷன் கீகளைப் பொது இடத்தில் வைக்காவிட்டால் இதேதான். அடுத்தது, எச்டிடிபிஎஸ்ஸுக்கான டிஎல்எஸ் பாதுகாப்பு லோட் பேலன்சரிலேயே முடிந்துவிடுவதால் உள்ளே அப்ளிகேஷனுக்கு வெறும் எச்டிடிபிதான் தெரியும். எக்ஸ்பிரஸில் செக்யூர் குக்கீ என்று சொல்லிவிட்டு டிரஸ்ட் பிராக்ஸி செட்டிங்கை விட்டுவிட்டால், கனெக்‌ஷன் பாதுகாப்பானது இல்லை என்று நினைத்து குக்கீயையே அனுப்பாது, எரரும் காட்டாது. அதற்காக செக்யூர் ஃபிளாகை எடுத்துவிடும் ஆலோசனை நிறைய இடத்தில் கிடைக்கும், தயவுசெய்து எடுக்காதீர்கள். 2010-ல் ஃபயர்ஷீப் என்ற பிரவுசர் எக்ஸ்டென்ஷன் வந்து, திறந்த வைஃபையில் பக்கத்து ஆளின் செஷன் குக்கீயை ஒரே கிளிக்கில் பிடித்துக் காட்டியது, லாகின் பக்கத்துக்கு மட்டும் எச்டிடிபிஎஸ் வைத்தால் போதாது என்று ஊருக்கே தெரிந்தது அப்போதுதான்.

பேமென்ட் முடிந்து திரும்பும்போது மட்டும் லாக்அவுட் ஆகிறதா? அது சேம்சைட், வேறு தளத்திலிருந்து வரும் ரிக்வெஸ்ட்டோடு குக்கீ போகலாமா என்று சொல்லும் செட்டிங். லாக்ஸ் என்று வைத்த குக்கீ, வேறு தளத்திலிருந்து போஸ்ட்டாக வரும் ரிக்வெஸ்ட்டோடு போகாது. 2020-ல் குரோம் 80 லாக்ஸையே டீஃபால்ட் ஆக்கிய பிறகு இது பல தளங்களில் தலைகாட்டியது. அதற்காக சேம்சைட்டை None ஆக்குவதைவிட, திரும்பி வரும் அந்த ஒரு யூஆர்எல் செஷனை நம்பாமல், ஆர்டர் ஐடியை வைத்துக்கொண்டு பேமென்ட் கேட்வேயிடம் நேரடியாகச் சரிபார்க்கும்படி எழுதுவது நல்லது.

லாகின் வெற்றியானதும் செஷன் ஐடியை மாற்றுங்கள், இல்லாவிட்டால் தாக்குபவர் முன்கூட்டியே தெரிந்த ஐடியை ஒருவர் தலையில் கட்டிவிட்டு அவர் லாகின் ஆகும்வரை காத்திருக்கலாம். சும்மா இருந்தால் முடியும் நேரம் ஒன்று, எவ்வளவு சுறுசுறுப்பாக இருந்தாலும் முடியும் நேரம் ஒன்று, இரண்டும் தேவை. யூசர் ஐடியிலிருந்து அவருடைய செஷன்களைக் கண்டுபிடிக்க ஒரு பட்டியலும் வையுங்கள், எல்லா சாதனத்திலிருந்தும் வெளியேறு என்ற பொத்தானுக்கு அது இல்லாமல் வழியில்லை, பிறகு சேர்ப்பது கஷ்டம். லாக் ஃபைலில் செஷன் ஐடியை எழுதாதீர்கள், ஐடி கிடைத்தால் ஆளே கிடைத்த மாதிரி.

மாற்றும் வரிசை என்று கேட்டால், கார்ட்டையும் பாதி நிரப்பிய படிவத்தையும் முதலில் டேட்டாபேஸுக்கு நகர்த்துங்கள், இது ஸ்டிக்கி இருக்கும்போதே செய்யக்கூடிய வேலை. அப்புறம் ஸ்டோரை மாற்றுங்கள், அன்றைக்கு ஒரு தடவை எல்லோரும் லாகின் செய்ய வேண்டியிருக்கும், டிராஃபிக் குறைந்த நேரமாகப் பார்த்துச் செய்தால் பெரிய விஷயமில்லை. பிறகு சோதனைச் சூழலான ஸ்டேஜிங்கில் ஸ்டிக்கியை ஆஃப் செய்து, இரண்டு இன்ஸ்டன்ஸோடு லாகின் ஆகி, படிவத்தைப் பாதி நிரப்பிவிட்டு ஒரு இன்ஸ்டன்ஸை நிறுத்துங்கள், படிவத்தை முடித்ததும் அதைத் திரும்ப ஏற்றி மற்றதை நிறுத்துங்கள். இரண்டு தடவையும் திரையில் ஒன்றுமே தெரியவில்லை என்றால் புரொடக்‌ஷனிலும் ஸ்டிக்கியை எடுத்துவிடலாம்.